மூழ்குவதற்குத் தேதி கேட்டு ஒரு மனு

அனுப்புநர்:
பாய்மரப் படகு ஒன்றில் பாதிப் பங்குள்ள குடிமகன்,
இங்கிலாந்தின் தென்கரை.

பெறுநர்:
உயர்திரு தலைமை நிர்வாகி அவர்கள்,
மாரிடைம் அண்ட் கோஸ்ட்கார்டு ஏஜென்சி,
ஸ்பிரிங் பிளேஸ், சவுத்தாம்ப்டன்.

பொருள்: காலாவதியான ஃப்ளேர்களை ஒழிக்கச் சட்டப்படி வேறு வழி தெரியாததால், முறையாக மூழ்கி அவற்றைக் கொளுத்த அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 2021 டிசம்பரோடு தாங்கள் சாத்திய கதவு.

ஐயா / அம்மையீர்,

நான் சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரன். மருந்து வாசனை பழகிய மூக்கு. பிறகு கப்பலில் தேர்ட் மேட்டாக வேலை பார்த்தேன். தேர்ட் மேட் யார் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மனுவின் நகலைப் படிக்கப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். கப்பலின் உயிர்காப்புச் சாமான்களுக்கெல்லாம் அவன்தான் கணக்குப்பிள்ளை. பிரிட்ஜில் பாராசூட் ராக்கெட் பன்னிரண்டு. ஒவ்வொரு லைஃப்போட்டிலும் பாராசூட் ராக்கெட் நான்கு, கைஃப்ளேர் ஆறு, ஆரஞ்சுப் புகை டப்பா இரண்டு. கடலில் ஆபத்து வந்தால் கொளுத்தி உதவி கேட்கும் சாமான்கள் இவை; பொதுப்பெயர் ஃப்ளேர். எண்ணிக்கை குறைந்தாலும் தப்பு, தேதி தாண்டினாலும் தப்பு. அந்த வேலையை விட்டு வெகுநாள் ஆகியும், பால் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் முதலில் தேதியைத்தான் தேடுகிறேன்.

கரையேறிய பிறகும் கடல் விடவில்லை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரோடு சேர்ந்து ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினேன். நீளம் 13.7 மீட்டருக்குள்தான். அந்த அளவுக்குள் அடங்கும் சொந்த உல்லாசப் படகில் ஃப்ளேர் இருந்தே ஆக வேண்டும் என்று இந்த நாட்டுச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் வைத்துக்கொள்வது நல்லது என்று படகு சங்கத்தார் சொன்னார்கள், புத்தகங்கள் சொல்லின, கடைக்காரர் மிகவும் உருக்கமாகச் சொன்னார். நல்ல பிள்ளைகளாக வாங்கினோம். மூன்று வருஷத்தில் தேதி முடிந்தது. புதுசு வாங்கினோம். பழசு படகிலிருந்து இறங்கி என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, வேக்குவம் கிளீனருக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டது. ஆசிரியர் வீட்டில் பேரக்குழந்தைகள் வந்து போகிறார்கள் என்பதால் அவர் பங்கும் என்னிடம்தான்.

அதில் ஒரு கைஃப்ளேரை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். சிவப்பு உறை, அடியில் பிளாஸ்டிக் பிடி, மூடியைத் திருகி எடுத்தால் சுண்டி இழுக்க ஒரு சின்னக் கயிறு. உப்புக்காற்று பட்டு விளிம்பில் துருக்கறை படர்ந்திருக்கிறது. எப்படிக் கொளுத்துவது என்று படம் போட்ட தாள் பாதி உரிந்துவிட்டது. காலாவதித் தேதி மட்டும் நேற்று அச்சடித்தது மாதிரி பளிச்சென்று நிற்கிறது. உள்ளே மக்னீசியம், ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் வகையறா. விதிப்படி குறைந்தது ஒரு நிமிஷம் 15,000 கேண்டெலா வெளிச்சத்தில் சிவப்பாக எரிய வேண்டும். கூடவே கிடக்கும் ராக்கெட்டோ 300 மீட்டருக்குக் குறையாமல் ஏறி, பாராசூட்டை விரித்து, 40 வினாடியாவது 30,000 கேண்டெலாவோடு தொங்கி இறங்க வேண்டும். தேதி முடிந்துவிட்டால் இவை இரண்டும் சாதுவாகிவிடும் என்று நினைப்பவர்கள் மருந்தோடு பழகாதவர்கள். ஈரம் ஏறிய மருந்து எரியாமலும் போகலாம், எரிய வேண்டிய திசையை விட்டு வேறு திசையிலும் எரியலாம். புதுசை நம்பலாம். பழசை நம்பவும் முடியாது, நம்பாமல் இருக்கவும் முடியாது. அதைத்தான் மாடிப்படிக்குக் கீழே வைத்துக்கொண்டு மேலே தூங்குகிறோம்.

சரி, ஒழிக்க வேண்டியதுதானே என்பீர்கள். இந்த நாட்டு விதிகளை வரிவிடாமல் படித்துவிட்டேன். கடலில் வீசினால் குற்றம். கரையில் கொளுத்தினால் குற்றம். துறைமுகத்துக்குள் கொளுத்தினாலும் குற்றம். நடுக்கடலுக்குப் போய், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, சும்மாதான் என்று கொளுத்தினால் அது பெரிய குற்றம். எவரோ சாகக் கிடக்கிறார் என்று கரையிலிருந்து மீட்பு லைஃப்போட் கிளம்பிவிடும். வீட்டுக் குப்பையில் போடக் கூடாது; லாரிக்குள் நசுங்கும்போது பற்றிக்கொள்ளும். ராயல் மெயில் வெடிபொருளைத் தொடாது. இத்தனை தடையும் நியாயமானவை. ஒன்றைக்கூட எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எல்லாப் பக்கமும் சுவர் எழுப்பிய கொத்தனார் வாசலுக்கு எங்கே இடம் விட்டார் என்று மட்டும்தான் கேட்கிறேன்.

வாசல் ஒன்று இருந்தது. தங்களுடையதுதான். 2021 முடியும்வரை குறிப்பிட்ட சில கோஸ்ட்கார்டு நிலையங்களுக்குப் போன் போட்டு, நாள் குறித்துக்கொண்டு போய், பழைய ஃப்ளேரை ஒப்படைத்துவிட்டு வரலாம். காசு கிடையாது. தூரம்தான். அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டீர்கள். ஃப்ளேர்களை வாங்கி அழிக்கும் சட்டக் கடமை தங்களுக்கு எந்நாளும் இருந்ததில்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டு அதன் இடத்தில் என்ன வைத்தீர்கள்? ஒரு யோசனைப் பட்டியல். வாங்கிய கடையில் கேளுங்கள், படகு நிறுத்தும் மரீனாவில் கேளுங்கள், லைஃப்ராஃப்ட் சர்வீஸ் செய்கிறவர்களைக் கேளுங்கள், உள்ளூர் கவுன்சிலைக் கேளுங்கள். இதில் இருக்கும் யாருக்கும் வாங்கிக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேட்பது என் உரிமை, இல்லை என்பது அவர்கள் உரிமை. இருவர் உரிமையும் பழுதில்லாமல் காக்கப்பட்டிருக்கிறது. ஃப்ளேர் என் வீட்டில் இருக்கிறது.

ஒரு கவுன்சிலுக்குப் போன் போட்டேன். பெயர் வேண்டாம், எந்தக் கவுன்சிலானாலும் உரையாடல் இப்படித்தான் இருந்திருக்கும். எடுத்தவர் தங்கமான பெண்மணி. முன்பின் தெரியாத ஆளையும் 'லவ்' என்று கூப்பிடும் ஊர் இது.

“மின்சாதனமா, லவ்?”

“இல்லைங்க.”

“தோட்டக் கழிவா?”

“இல்லை. ராக்கெட்.”

கொஞ்ச நேரம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “ராக்கெட் என்று இங்கே பட்டன் இல்லையே” என்றார். எனக்கும் அவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் சொந்தப் பொறுப்பில் ஒரு யோசனை சொன்னார்: ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பாருங்களேன். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். 100 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் பத்து வினாடி அமுக்கி வைத்தாலும் கைஃப்ளேர் தொடர்ந்து எரிய வேண்டும் என்பதுதான் அதன் தகுதித் தேர்வே என்று அந்தப் பெண்மணிக்கு எப்படித் தெரியும்? கடலில் நனைந்தும் அணையக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த பண்டத்தை வாளித் தண்ணீருக்குப் பயந்து நட என்றால் நடக்குமா?

கடைக்காரர் வேறு ரகம். வாங்கும்போது இருந்த உருக்கம் இப்போது இல்லை. “எங்களிடம் வாங்கிய ரசீது இருந்தால், புதுசு எத்தனை வாங்குகிறீர்களோ அத்தனை பழசு எடுத்துக்கொள்வோம். கட்டணம் தனி” என்றார். அதாவது ஆறு பழசு ஒழிய வேண்டுமானால் ஆறு புதுசு வீட்டுக்கு வர வேண்டும். மூன்று வருஷத்தில் அந்த ஆறும் பழசாகும். அவற்றை ஒழிக்க இன்னும் ஆறு. கந்துவட்டிக்காரன்கூட அசலைக் கட்டினால் ஆளை விட்டுவிடுவான். படகையே விற்றுவிட்டுக் கடலை மறந்துவிடலாம் என்று முடிவெடுப்பவனுக்கு இந்தக் கணக்கில் விடுதலையே கிடையாது. கடைசி ஆறு அவனோடேயே இருக்கும். படகுக்காரர் காலமான பிறகு தோட்டத்து ஷெட்டைத் திறந்து பார்க்கும் மனைவிக்கு எந்தக் கடை ரசீது இருக்கும்?

இதே நாட்டில் பென்சில் பேட்டரியின் மரியாதையைப் பாருங்கள். வருஷத்துக்கு 32 கிலோவுக்குமேல் பேட்டரி விற்கும் எந்தக் கடையும் பழைய பேட்டரியைக் காசில்லாமல் திரும்ப வாங்கியாக வேண்டும். 2010 பிப்ரவரியிலிருந்து சட்டம் அது. சூப்பர் மார்க்கெட் வாசலில் அதற்கென்று தொட்டியே இருக்கிறது. மிஞ்சிப்போன மாத்திரையை மருந்துக்கடையில் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள். போலீஸார் அவ்வப்போது துப்பாக்கி ஒப்படைப்பு இயக்கம் நடத்துகிறார்கள். தாத்தாவின் அலமாரியில் கிடந்த கைத்துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், வைத்திருந்ததற்காக அப்போதே வழக்குப் போட மாட்டார்கள். ஆக, செத்த பேட்டரிக்குப் போக்கிடம் இருக்கிறது, உயிருள்ள துப்பாக்கிக்கும் இருக்கிறது. நடுக்கடலில் என் உயிரைக் காப்பாற்றுவதற்கென்று வாங்கிய ராக்கெட்டுக்குத்தான் ரசீதும் கட்டணமும் கெஞ்சலும்.

இன்னொரு வழியும் என் கண்ணில் பட்டது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கடற்கரையில் ஒதுங்கிய ஃப்ளேரைக் கண்டால் தொடாதீர்கள், உடனே 999-ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டைக் கேளுங்கள் என்று அறிவுறுத்துகிறீர்கள். அழைத்தால் ஆள் வருகிறார்கள், வண்டி வருகிறது, கயிறு கட்டி ஜனங்களை விலக்குகிறார்கள், தேவைப்பட்டால் ராணுவத்தின் வெடிகுண்டு நிபுணர்களும் வருகிறார்கள். பைசா செலவில்லை. மரியாதையாகக் கொண்டுவந்து நீட்டினால் அது தங்கள் வேலை இல்லை. அதே சாமானை மணலில் அநாதையாகப் போட்டுவிட்டு முகம் தெரியாத ஒருவன் போன் போட்டால் அரசாங்கம் ஓடோடி வருகிறது. ஒழுங்காக நடப்பவனுக்கு இதில் என்ன பாடம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். செய்யாமல் இருப்பதற்கு என் பயம் தவிர வேறு காரணம் எதையும் தாங்கள் தரவில்லை.

என் தங்கை மகன் லண்டனில் படிக்கிறான். அவன் கண்டுபிடித்த தீர்வு: “மாமா, தீபாவளிக்கு விட்டுருவோம். நவம்பர் அஞ்சாம் தேதி கை ஃபாக்ஸ் ராத்திரி வேற வருது. ஊரே வெடிக்கும்போது நம்ம ராக்கெட்டை யார் பார்க்கப் போறா?” சிவகாசி ரத்தம், அப்படித்தான் யோசிக்கும். அவனை உட்காரவைத்து கார்டிஃப் கதையைச் சொன்னேன். 1993 நவம்பர் 17. கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் வேல்ஸுக்கும் ருமேனியாவுக்கும் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். வேல்ஸ் ஜெயித்தால் அமெரிக்கா போகலாம், தோற்றது. அன்று கூட்டத்தில் இருந்த சிலர் கையில் கடல் ஃப்ளேர் இருந்தது. ஒரு ஸ்டாண்டிலிருந்து விட்ட ராக்கெட் மைதானத்தைக் குறுக்கே கடந்து எதிர் ஸ்டாண்டில் பாய்ந்து, ஆட்டம் பார்க்க வந்த ஒரு முதியவரின் உயிரை எடுத்தது. 300 மீட்டர் உயரத்துக்கு ஏறச் செய்த பொருளைப் படுக்கைவசமாகப் பிடித்தால் அதற்கு மைதானம் ஒரு பொருட்டா? பையன் அதற்குப் பிறகு தீபாவளிப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் கார்டிஃப் கதை தெரிந்த மாமா இருப்பார் என்று நம்பித்தான் தங்கள் கொள்கை ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஆசிரியர் அமைதியான மனிதர்; அவருக்கு வந்த யோசனையும் அமைதியானதுதான். கரையிலிருந்து தள்ளிப் போய், கல்லைக் கட்டி, ஆழத்தில் விட்டுவிட்டால் என்ன? “உங்கள் அரசாங்கம் அதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது சார்” என்றேன். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே போஃபர்ட்ஸ் டைக் என்று ஒரு கடல் பள்ளம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து மிஞ்சிய குண்டும் மருந்துமாகப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பாதுகாப்பு அமைச்சகம் அங்கே கொட்டியது. போனது போனதுதான் என்று நினைத்தார்கள். 1995-இல் அந்தப் பக்கமாக எரிவாயுக் குழாய் பதித்த சமயத்தில், பாஸ்பரஸ் அடைத்த தீக்குண்டுகள் ஆயிரக்கணக்கில் ஸ்காட்லாந்துக் கரையில் வந்து ஒதுங்கின. ஐம்பது வருஷம் உப்புத் தண்ணீரில் கிடந்தும், காற்றுப் பட்டவுடன் எரிந்தன. கரையில் ஒன்றைக் கையில் எடுத்த சின்னப் பையன் ஒருவனுக்குத் தீக்காயம். கடல் கொடுத்ததை வைத்துக்கொள்ளும் என்று அமைச்சகம் நம்பலாம். ஒரு பாய்மரப் படகின் இரு பாதிப் பங்குதாரர்கள் நம்பக் கூடாது.

இத்தனையும் கழித்துப் பார்த்தால் சட்டத்துக்கு உட்பட்ட ஒரே ஒரு வழிதான் மிஞ்சுகிறது. உண்மையான ஆபத்தில் சிக்கிக் கொளுத்துவது. அதைத்தான் இந்த மனுவில் பணிவோடு கேட்கிறேன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, தேதி முடிவதற்கு முந்தின வாரம், நானும் ஆசிரியரும் தங்களுக்கு வசதியான ஒரு நாளில் மூழ்கிக்கொள்கிறோம். ஆழம் அதிகமில்லாத இடமாக இருந்தால் நல்லது. ஆசிரியருக்கு முழங்கால் வலி. காற்று போகும் பக்கமாகக் கையை நீட்டி, உருகிச் சொட்டுவது படகில் விழாமல், தேர்ட் மேட்டாகக் கற்ற முறைப்படி ஒவ்வொன்றாகக் கொளுத்துகிறேன். கடைசிப் புகை டப்பா மூன்று நிமிஷம் புகைந்து முடிந்ததும் எங்களைத் தூக்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். தூக்க வரும் லைஃப்போட்காரர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத தொண்டர்கள், 1824-இலிருந்து நன்கொடையில் ஓடும் அமைப்பின் ஆட்கள். வாரத்தில் ஒருநாள் சாப்பாட்டையாவது அவர்கள் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

மூழ்கும் அனுமதி தருவதில் நிர்வாகச் சிக்கல் இருக்குமானால், மாற்றாக ஒன்று. 1972-ஆம் வருஷத்துச் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின் நான்காம் இணைப்பில் ஆபத்து அறிவிப்புகளின் பட்டியல் இருக்கிறது. பாராசூட் ராக்கெட்டும் கைஃப்ளேரும் அதில் உண்டு. அதே பட்டியலில், படகில் தார்ப் பீப்பாயைக் கொளுத்தித் தீ காட்டுவதும் இன்றுவரை செல்லுபடியாகும் அறிவிப்புதான். தாருக்குக் காலாவதித் தேதி கிடையாது. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசைப்பதும் பட்டியலில் இருக்கிறது. கைக்கும் தேதி கிடையாது; நான் இருக்கும்வரை அதுவும் இருக்கும். எனவே ஃப்ளேரை விட்டுவிட்டுத் தார்ப் பீப்பாய்க்கு மாறிவிடலாமா என்று தெரிவிக்கவும். ஆசிரியர் மனைவியின் சம்மதத்தை நான் வாங்கிக்கொள்கிறேன்.

பகடி போதும். அதே பட்டியலில் இன்னொரு வரியும் இருக்கிறது: எந்த முறையிலாவது மோர்ஸில் எஸ்.ஓ.எஸ். அனுப்புவது. டார்ச் விளக்கும் அதற்குப் போதும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை, எஸ்.ஓ.எஸ். சிமிட்டும் மின்விளக்கை இரவு அறிவிப்பாக உல்லாசப் படகுகளுக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன் பேட்டரி தீர்ந்தால் சூப்பர் மார்க்கெட் தொட்டி இருக்கிறது. 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் ஒன்று இடுப்பில் இருந்தால், கண்ணுக்கு எட்டாத தூரத்திலிருந்தும் செயற்கைக்கோள் வழியாகக் கேட்கும். ஃப்ளேருக்கு வேலையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஹெலிகாப்டர் தலைக்குமேல் தேடும்போது அந்தச் சிவப்பு வெளிச்சத்துக்கு ஈடு இல்லை என்பதைக் கப்பலில் இருந்தவன் அறிவேன். சின்னப் படகுக்கு எது போதும், எது தேவையில்லை என்று தெளிவாகச் சொன்னால், விற்கும் எண்ணிக்கையாவது குறையும். விற்காத ஃப்ளேரை ஒழிக்க வேண்டியதில்லை.

விற்றதற்கு வழி? கலிஃபோர்னியா மாநிலச் சட்டமன்றத்தில் 2024-இல் ஒரு மசோதா வந்தது. கடல் ஃப்ளேரைத் தயாரித்து விற்கிறவர்களே பழசைத் திரும்பப் பெற்று அழிக்கும் ஏற்பாட்டையும் நடத்த வேண்டும், செலவும் அவர்களுடையது என்றது அது. இதில் ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றுமில்லை. பேட்டரிக்கு இந்த நாடே செய்ததைத்தான் அங்கே ஃப்ளேருக்குச் செய்யச் சொன்னார்கள். அழிக்கும் செலவு புதுசின் விலையிலேயே சேரட்டும், நான் கொடுக்கத் தயார். வாங்கும்போது சந்தோஷமாகக் கொடுப்பேன். மூன்று வருஷம் கழித்து ரசீதைத் தேடிக்கொண்டு வரிசையில் நிற்கும்போது கொடுக்கச் சொன்னால்தான் ஆட்கள் மணலையும் ஆழத்தையும் நவம்பர் ஐந்தையும் நினைக்கிறார்கள்.

ஆகவே கேட்பது இரண்டு. ஃப்ளேர் விற்கும் கடை எதுவானாலும், யாரிடம் வாங்கியதானாலும், பழசைத் திரும்ப வாங்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவரத் தங்கள் துறை அமைச்சருக்கு எழுதுங்கள். அந்தச் சட்டம் வரும்வரை, மூடிய நிலையங்களில் பாதியையாவது, வருஷத்தில் சில நாட்களுக்காவது திறந்து வையுங்கள். நாள் குறித்துக்கொண்டு வருகிறோம். தூரத்தைப் பற்றி முணுமுணுக்க மாட்டோம்.

இந்த மனுவைப் படிக்கும் படகுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: புதுசு வாங்கும் முன் கடைக்காரரிடம் பழசை எடுத்துக்கொள்வாரா, என்ன கட்டணம் என்று கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
மாடிப்படிக்குக் கீழே வெடிமருந்து வைத்திருக்கும் குடிமகன்.

இணைப்பு: காலாவதியான பாராசூட் ராக்கெட், கைஃப்ளேர், புகை டப்பா. (தபால் விதி தடுப்பதால் இணைக்கப்படவில்லை. ஆள் அனுப்பினால் தரப்படும்.)